இருவாச்சி கேட்ட அத்திப்பழம்

ஒரு மலைக்காட்டில் இருவாச்சிப் பறவை ஒன்று வாழ்ந்துவந்தது. அதற்கு அலகும் பெரிது, பேச்சு அதைவிடப் பெரிது.

குழந்தைகளே, இருவாச்சிகள் குடித்தனம் நடத்தும் விதமே தனி. முட்டையிடும் காலத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய், வாசலை மண்ணால் பூசி அடைத்துக்கொள்ளும். அலகை நீட்டும் அளவுக்கு ஓர் இடுக்கு மட்டும் இருக்கும். வெளியே வரும்வரை அப்பா பறவை கொண்டுவரும் பழம்தான் தாய்க்கும் குஞ்சுக்கும் சாப்பாடு.

நம் இருவாச்சியும் மனைவியையும் குஞ்சையும் கண்ணும் கருத்துமாகக் காத்துவந்தது. ஒருநாள் சூறைக்காற்றில் கிளை முறிந்து அதன் இறக்கைமேல் விழுந்தது. பறக்க முடியவில்லை. தத்தித் தத்தி வந்து மரத்தடியில் உட்கார்ந்தது. மேலே பொந்துக்குள் குஞ்சு பசியில் கத்தியது. 

யாரிடமாவது உதவி கேட்கலாம். ஆனால் இதுவரை யாரிடமும் கேட்டுப் பழக்கமில்லை. கூச்சம் பிடுங்கித் தின்றது. அதை மறைக்கத் தொண்டையைச் செருமிக்கொண்டு மேடைப் பேச்சில் இறங்கியது.

"கானகத்தின் கருணைக் கடல்களே, ஒரு குடும்பத்தின் கண்ணீர் உங்கள் இதயக் கதவைத் தட்டுகிறது. உள்ளம் உள்ளோர் உணர்வீர். உணர்ந்தோர் ஆவன செய்வீர்."

மலை அணில் நின்று கேட்டு விம்மியது. மந்தி மூக்கைச் சிந்தியது. "அருமையாப் பேசினீங்க அண்ணே, மனசே கனத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டுத் தன் வழியே போயிற்று. அணிலும் போயிற்று.

சாயங்காலம்வரை ஒருவரும் திரும்பி வரவில்லை. பொந்துக்குள்ளிருந்து மனைவியின் குரல் மெலிந்து வந்தது.

"என்னங்க, அவங்ககிட்ட என்ன கேட்டீங்க?"

"உதவி கேட்டேன்."

"என்ன உதவி?"

"அதைச் சொல்ல வாய் வரலை. உனக்கு நான் ஊட்டணும். இன்னொருத்தர்கிட்ட போய்ப் பழம் கொடுன்னு எப்படிக் கேக்கிறது? அவங்களே புரிஞ்சுக்குவாங்கன்னு நினைச்சேன்."

"உள்ள நாங்க இருக்கிறதே அவங்களுக்குத் தெரியாதே" என்றது மனைவி. அதன் குரலில் கோபமே இல்லை. "நம்ம பிள்ளைக்காகத்தானே, இதுல என்ன வெக்கம்? என்ன வேணுமோ அதை மட்டும் கேளுங்க."

மறுநாள் விடிந்ததும் அணில் அந்தப் பக்கம் ஓடிவந்தது. இருவாச்சி அதைக் கூப்பிட்டது.

"அணில் தம்பி, மேலே அந்தப் பொந்துல என் பிள்ளை பசியோட இருக்கு. ஒரு அத்திப்பழம் பறிச்சு, இப்பவே அந்த இடுக்குல கொடுத்திட்டுப் போறியா?"

"இவ்வளவுதானா?" என்ற அணில், பக்கத்து அத்திமரத்துக்குத் தாவிப் பழம் பறித்து, இடுக்கில் நீண்ட அலகில் வைத்தது. குஞ்சின் அழுகை நின்றது.

பின்னால் வந்த மந்தியிடமும் இருவாச்சி அதையே கேட்டது. மந்தியும் கை நிறையப் பழத்தோடு மரம் ஏறியது. அப்பாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. 

அணில் கீழே இறங்கி வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்தது.

"இதை நேத்தே சொல்லியிருக்கக் கூடாதா அண்ணே? கையில அத்திப்பழத்தை வச்சுக்கிட்டுத்தான் நின்னு அழுதேன். போற வழியில நானே தின்னுட்டேன்."

நீதி: யார், எதை, எப்போது செய்ய வேண்டும் என்று தெளிவாகக் கேட்டால்தான் இரக்கம் உதவியாக மாறும்.