ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் ஒரு சீடர்

இந்தக் கதையில் குருவுக்குத் தாடி கிடையாது. ஆசிரமமும் கிடையாது. குருவின் பெயர் ஜெசிந்தா, வயது முப்பத்திரண்டு. நாகர்கோவில் பக்கம் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் சவுண்டு சர்வீஸ் நடத்துகிறவர். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸர் முன்னால் ஜெசிந்தா உட்கார்ந்துவிட்டால் கரகரத்த தொண்டைக்காரனும் பாடகனாகிவிடுவான் என்று அந்த வட்டாரத்தில் பேச்சு.

சீடருக்குத்தான் அறுபதைத் தாண்டிய வயது. பெயர் சுயம்புலிங்கம். அரசு பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். வேலையில் இருந்த காலமெல்லாம் எத்தனையோ கச்சேரி மேடைகளைத் தாண்டி வண்டி ஓட்டியிருக்கிறார். ஆனால் ஒரு பாட்டையாவது முழுசாகக் கேட்டாரா என்றால், இல்லை. ஜன்னல் வழியாகப் பல்லவி ஏறும். சரணம் வருவதற்குள் பஸ் அடுத்த ஸ்டாப்பில் நிற்கும். அந்த ஏக்கம் மனுஷரை விடவில்லை. ரிட்டயர் ஆன கையோடு ஜெசிந்தா வீட்டு வாசலில் போய் நின்றார்.

“வயர் சுத்துதேன், பெட்டி தூக்குதேன். சம்பளம் ஒண்ணும் வேண்டாம். ஆனா என்னைக்காவது ஒருநாள் அந்த மிக்ஸர்ல என்னை உக்கார வைக்கணும், குருவே.”

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “குருவா? நல்லா இருக்கே! சரி, உள்ள வாங்க அண்ணாச்சி.”

அப்படித்தான் சேர்ந்தார். ஒரு வருஷம் உழைத்தார். எந்த வயர் எந்தக் குமிழுக்குப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அப்புறம்தான் ஒரு கடற்கரை ஊரின் மாதா கோயில் திருவிழா வந்தது. மூன்று நாள் இசை விழா. முதல் நாள் செண்டை மேளம், இரண்டாம் நாள் பேண்டு வாத்தியப் போட்டி, மூன்றாம் நாள் சாயங்காலம் மெல்லிசைக் கச்சேரி.

“கடைசிநாள் கச்சேரி உங்களுக்கு” என்றார் ஜெசிந்தா.

சுயம்புலிங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னார். பக்கத்து டீக்கடையில் சொன்னார். கேட்காதவர்களையும் நிறுத்திவைத்துச் சொன்னார்.

“ஒரே ஒரு விஷயம்” என்று ஜெசிந்தா ஒரு சின்ன டப்பாவை நீட்டினார். உள்ளே இரண்டு ரப்பர் காதடைப்பான்கள். “மூணு நாளும் சத்தத்துப் பக்கத்துல நிக்கும்போது இது காதுல இருக்கணும்.”

சீடருக்கு முகம் சுருங்கிப்போனது. “என்ன குருவே இது? சமையக்காரன் வாயைக் கட்டிக்கிட்டு உப்பு பாத்த கதையால்லா இருக்கு! காதை அடைச்சுக்கிட்டு நான் எதைக் கேக்க?”

“மேக்க பாத்து வண்டி ஓட்டும்போது வெயிலுக்கு என்ன செஞ்சீங்க?”

“கூலிங் கிளாஸ் போட்டேன்.”

“ரோடு தெரிஞ்சுதா?”

“பளிச்சுன்னு தெரிஞ்சுது.”

ஜெசிந்தா மைக்கைத் துடைக்கப் போய்விட்டார்.

கண் வேறு, காது வேறு என்று சுயம்புலிங்கம் தனக்குள் ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டார். டப்பா சட்டைப் பையிலேயே கிடந்தது.

முதல் நாள் செண்டைக்காரர்கள் கொட்டித் தீர்த்தார்கள். சீடர் அவர்கள் நடுவிலேயே நின்றார். இரண்டாம் நாள் பேண்டு செட்டு. ஆள் உயரத்துக்கு அடுக்கிய ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் இளவட்டங்கள் ஆட, அவர்களோடு சேர்ந்து சீடரும் ஆடினார். சட்டை நெஞ்சில் துடித்தது. அடேயப்பா, அதுவல்லவா சுகம்! ஸ்டியரிங் பிடித்துப் பிடித்து மரத்துப்போன கை ரெண்டும் தானாக மேலே போயின. சாயங்காலம் காதுக்குள் ‘ங்கொய்’ என்று ஒரு வண்டு உட்கார்ந்துகொண்டது. தூங்கினால் போய்விடும் என்று படுத்தார்.

மறுநாள் காலை மேடையில் ஒத்திகை. ஜெசிந்தா மிக்ஸர் முன்னால் இருந்த நாற்காலியைக் காட்டினார். “உக்காருங்க.”

சீடர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். பாட்டு ஆரம்பித்தது. பாடகி குரல் என்னமோ போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. கைத்தாளம் சுத்தமாகக் கேட்கவில்லை. கூர்மையான சத்தத்துக்குரிய குமிழைத் திருகினார். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

மேடையில் பாடகி பாட்டை நிறுத்திவிட்டுக் காதைப் பொத்தினார். டிரம்ஸ் அடிக்கிற ஷெல்ட்டன் குச்சியைக் கீழே போட்டான். பந்தல் ஓரத்தில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது.

“எங்க அண்ணாச்சி கம்மியா இருக்கு?” என்றார் ஜெசிந்தா. கோபமே இல்லை.

“கைத்தாளம் கேக்கவே இல்லையே, குருவே. வயர் போயிருக்கும்.”

ஜெசிந்தா மிக்ஸரை மொத்தமாக அணைத்தார். கைத்தாளத்தை வாங்கிவந்து சீடரின் முகத்துக்கு நேராக மெல்லத் தட்டினார்.

தட்டுகிற கை தெரிந்தது. சத்தம் என்னமோ பக்கத்துத் தெருவில் கேட்டது.

வயரில் ஒரு கோளாறும் இல்லை என்று சுயம்புலிங்கத்துக்கு விளங்கிவிட்டது. இரண்டு காதையும் தொட்டுப் பார்த்தார். “போயிட்டா?”

“இந்தத் தடவை திரும்பிவரும்னுதான் நினைக்கேன். சாயங்காலத்துக்குள்ள வரலன்னா நேரே காது டாக்டர்கிட்ட போறோம்.”

“அடுத்த தடவை?”

“அது எனக்குத் தெரியாது.”

வேனை எடுத்து ஊருக்கு வெளியே ஒரு தென்னந்தோப்பில் அவரை இறக்கிவிட்டார் ஜெசிந்தா. “இங்க இருங்க. போன்ல பாட்டு கீட்டு வேண்டாம். நான் வாறேன்.”

இத்தனை காலம் காத்திருந்து கேட்க வந்த பாட்டு, கேட்பதற்கு முன்னாலேயே போய்விட்டதே என்று சுயம்புலிங்கம் தன்னைத்தானே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டார். கொஞ்சம் அழவும் செய்தார். யாரும் பார்க்கவில்லை, அதனால் நன்றாகவே அழுதார். வண்டு மட்டும் காதுக்குள் விடாமல் பாடிக்கொண்டிருந்தது. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு அது கொஞ்சம் களைத்தது. ஓலை அசைகிற சத்தம் கேட்டது. அப்புறம் அணில். வெயில் தாழ்ந்தபோது ரோட்டில் ஒரு டீக்காரர் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார். சீடர் துள்ளி எழுந்து ஓடிப்போய் அவரை நிறுத்தினார்.

“இன்னொரு தரம் அடிங்க!”

“டீ வேணுமா, வேண்டாமா?”

“ரெண்டு டீ குடிக்கேன், மணியை அடிங்கய்யா!”

ஜெசிந்தா வந்தபோது சீடர் நாலாவது டீயில் இருந்தார். ஜெசிந்தா கைத்தாளத்தை அவருக்குப் பின்னால் நின்று தட்டினார். சீடர் சட்டென்று திரும்பிப் பார்த்தார். குரு தலையாட்டினார். சீடர் சட்டைப் பையிலிருந்து டப்பாவை எடுத்து, கேட்காமலே காதில் மாட்டிக்கொண்டார்.

கச்சேரி தொடங்கியது. சுயம்புலிங்கம் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்திருந்தார். அட, எல்லாம் கேட்டது! குரல் தனியாக, புல்லாங்குழல் தனியாக, கைத்தாளம் பொடிப்பொடியாக. சத்தம்தான் கொஞ்சம் தள்ளி நின்றதே தவிர, பாட்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. பல்லவி போய்ச் சரணம் வந்தது. ஒரு சரணம், ரெண்டு சரணம். பஸ் எங்கேயும் கிளம்பவில்லை. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

விழாக் கமிட்டிச் செயலாளர் தார்சியுஸ் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடிவந்தார். “என்ன ஓய், சவுண்டு பத்தாது! நெஞ்சுல இடிக்கணும்!”

சீடர் குருவைப் பார்த்தார். ஜெசிந்தா வரிசையின் கடைசிக் குமிழைத் தாடையால் காட்டினார். அதற்கு எந்த வயரும் கொடுக்கவில்லை. காலையில் வயர் கொடுத்தவரே சுயம்புலிங்கம்தானே! அவர் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு அந்த வெறும் குமிழை மெல்ல, மிக மெல்லத் திருகினார்.

தார்சியுஸ் கண்ணை மூடிக் கேட்டார். “ஆங்! இப்பதான் இடிக்குது!” என்று ஆடிக்கொண்டே போனார்.

குருவும் சீடரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கப் படாதபாடு பட்டார்கள். முடியவில்லை. மேசைக்கு அடியில் குனிந்து சிரித்தார்கள்.

கச்சேரி முடிந்து ஜனம் கலைந்தது. ஷெல்ட்டன் வியர்வையைத் துடைத்துக்கொண்டே வந்தான். “சூப்பர் அண்ணாச்சி! என் டிரம்ஸ் இவ்வளவு தெளிவா ஒருநாளும் கேட்டதில்லைன்னு எல்லாரும் சொல்லுதாங்க” என்றவன், அவர் காதைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். “இது என்ன, காதுல மூடியா? ரிட்டயரும் ஆயாச்சு. இனிமே இந்தக் காதைப் பொத்திப் பொத்தி வச்சு என்ன செய்யப் போறீங்க?”

சுயம்புலிங்கத்தின் கை கூச்சத்தோடு காதுக்குப் போனது.

ஜெசிந்தா வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

“சும்மா கிட ஷெல்ட்டன். அவரு பாட்டு கேக்கவே இன்னைக்குத்தான ஆரம்பிச்சிருக்காரு.”