மைனா சொன்ன எளிமை

குளக்கரை ஆலமரத்தில் ஒரு மைனா இருந்தது. விடிந்ததும் காட்டுச் செய்திகளை உரக்கச் சொல்வது அதன் வேலை. அது வாயைத் திறக்கும்வரை ஓர் எலிகூட வளையைவிட்டு வெளியே வராது. புலி எங்கே படுத்திருக்கிறது, பழம் எங்கே பழுத்திருக்கிறது என்று தெரிய வேண்டாமா?

பக்கத்துப் புளியமரப் பொந்தில் முத்தாயி என்ற அணில் இரண்டு குட்டிகளோடு குடியிருந்தாள். மழைக்காலத்துக்கென்று பாடுபட்டு வேர்க்கடலை சேர்த்து வைத்திருந்தாள்.

ஒரு நாள் செய்திகளுக்கு நடுவே மைனா குரலைக் குழைத்தது. "தாய்மார்களே! இன்னும் வெறும் வாலோடா திரிகிறீர்கள்? நரியார் கடையில் மயில்தோகை வந்திருக்கிறது! முயல் வீட்டில் வாங்கிவிட்டார்கள். நீங்கள்?"

உடனே தொண்டையைச் செருமிக்கொண்டது. "அடுத்து, இன்றைய சிந்தனை. ஆடம்பரம் காட்டைக் கெடுக்கிறது! எளிமையே அழகு!"

முத்தாயியின் காதில் சிந்தனை ஏறவில்லை. முயல் வீட்டில் வாங்கியதுதான் ஏறியது. மறுநாளும் இதே பாட்டு. மூன்றாம் நாள் பெரிய குட்டி, "அம்மா, நம்மகிட்ட மட்டும்தான் இல்லையா?" என்று கேட்டுவிட்டது. அவ்வளவுதான்! இருந்த கடலைப் பொட்டலங்களை எல்லாம் நரியிடம் கொட்டிவிட்டு, தோகையை வாலில் கட்டிக்கொண்டு வந்தாள்.

தோகை பொந்துக்குள் நுழையவில்லை. மடக்கிப் பார்த்தாள், இழுத்துப் பார்த்தாள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நனைந்த தோகை பழைய துடைப்பம் மாதிரி தொங்கியது. அதை அவிழ்த்து எறிந்துவிட்டு உள்ளே போனால், குட்டிகள் பசியில் கத்துகின்றன! கொடுக்க ஒன்றுமில்லை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

விடிந்ததும் மைனா கொதித்தது. "வெட்கக்கேடு! குட்டிகளின் சோற்றை விற்று, ஓர் அணில் வாலுக்குத் தோகை வாங்கியிருக்கிறது! இந்தக் காடு எங்கே போகிறது?"

கூடியிருந்தவர்கள் எல்லாரும் முத்தாயியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அடிப்பாவி! பெத்த பிள்ளைங்க வயித்துல அடிச்சிட்டியே!" என்றது ஆமை. அதன் ஓட்டிலும் ஒரு தோகை செருகியிருந்தது.

முத்தாயிக்கு ஆத்திரம் பொங்கியது. விறுவிறுவென்று ஆலமரத்தில் ஏறினாள்.

"ஏன்க்கா, வாங்கு வாங்குன்னு மூணு நாளா கத்தினது நீதானே?"

"அது விளம்பரம்டி!"

"அப்ப இது?"

"இது செய்தி! ரெண்டையும் போட்டுக் குழப்பாதே. இறங்கு கீழே!"

இறங்கத் திரும்பியவளின் மூக்கில் கடலை வாசனை அடித்தது. மைனாவின் பொந்துக்குள் எட்டிப் பார்த்தாள். புங்க இலையில் சுற்றிய பொட்டலங்கள்! ஈரம் படாமலிருக்க அப்படிச் சுற்றி வைப்பது அந்தக் காட்டிலேயே அவள் ஒருத்திதான்.

"என் கடலை உன் வீட்டுக்கு எப்படி வந்துச்சு?"

"நரியார் கொடுத்த கூலி!" என்றது மைனா, கொஞ்சமும் கூசாமல். "காடு திருந்தணும்னு தொண்டை கிழியக் கத்துறேனே, நான் சாப்பிட வேண்டாமா?"

கீழே ஆமை மெல்லத் தன் தோகையைப் பிடுங்கிப் போட்டது.

முத்தாயி பொட்டலங்களை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளினாள். குட்டிகள் ஓடி ஓடிப் பொறுக்கின.

"முக்கியச் செய்தி! பட்டப்பகலில் திருட்டு!" என்று மைனா அலறியது. நின்று கேட்க ஒருவருமில்லை. ஆமைகூட ஒரு பொட்டலத்தை வாயில் கவ்விக்கொண்டு குட்டிகளின் பின்னால் புளியமரத்துக்கு நடந்துகொண்டிருந்தது.

ஆசையைத் தூண்டிவிட்டுக் கூலி வாங்கும் வாய் எளிமையைப் பற்றிப் பேசினால், அது யார் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டுப் பேசுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.