ஆயிரம் கிளிகளும் ஒரு தாழ்ப்பாளும்

மேகங்களுக்குக் கால் முளைத்திருந்த காலத்தில், பாழிமலையை ஆண்ட கொற்றங்கோ ராஜா உலகத்துக் கல்வியை எல்லாம் ஆயிரம் கிளிகளுக்குப் பழக்கிவைத்திருந்தான். ஒரு கிளி வான சாஸ்திரம் சொல்லும். ஒரு கிளி வைத்தியம் சொல்லும். ஒரு கிளி சுண்டை வற்றலுக்கு எவ்வளவு உப்பு என்று சொல்லும். அவை போட்ட கூச்சலில் மேகங்கள் அடுத்த நாட்டுக்கே ஓடிப்போயின. நம்பாதவர்கள் அந்த மேகங்களைக் கேட்டுக்கொள்ளலாம்.

அத்தனையும் ராஜாவின் ஒரே மகள், சின்னப் பிள்ளை மாந்தளிருக்காக. அவளோ, வந்த பேச்சையும் நிறுத்திவிட்டாள்.

"படிப்பு போதவில்லை" என்றான் ராஜா. கிளிகளை அவள் பக்கத்திலேயே வைக்கத் தச்சர்களை அழைத்தான்.

முதல் தச்சன் அவள் கட்டிலைச் சுற்றிக் கிளிக்கூண்டு செய்தான். பிள்ளை பேசவில்லை. இரண்டாம் தச்சன் அவள் பின்னாலேயே உருண்டுவரும் கூண்டு செய்தான். பேசவில்லை. மூன்றாம் தச்சன் தலையில் மாட்டும் கூண்டு செய்தான். பேசவில்லை, தூக்கமும் போயிற்று. மூவரும் சிறைக்குப் போனார்கள்.

அடுத்துத் தச்சர் தெரு வேம்பியைப் பிடித்துவந்தார்கள். அவள் உளியைத் தொடாமல் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை எதையோ பார்த்து உதட்டைத் திறக்கும். அதற்குள் நாற்பது கிளிகள் முந்திக்கொண்டு பதில் சொல்லும். உதடு மூடிக்கொள்ளும்.

வேம்பி ஒரு சின்ன மர அறை செய்தாள். ஒரே கதவு. தாழ்ப்பாள் உள்ளே, பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில்.

"கிளிகள் எங்கேடி?"

"வெளியே, மகாராஜா."

"நூறையாவது உள்ளே விடு."

"மாட்டேன்."

"பத்து?"

"மாட்டேன்."

"ஒன்றே ஒன்று?"

"அவள் கூப்பிட்டால் வரட்டும்."

"பொழுது சாய்வதற்குள் அவள் பேசாவிட்டால் உன் தலை போகும்!"

"போகட்டும். அதற்கும் உங்கள் கிளி ஒன்று பாடம் வைத்திருக்குமே!"

மாந்தளிர் உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. ராஜா கதவில் காதை வைத்தான். சத்தமே இல்லை. வெயில் இறங்கியது. வாளைத் தீட்டும் சத்தம் கேட்டது. கதவை மறித்து நின்ற வேம்பி நகரவில்லை.

மலை உச்சியைச் சூரியன் தொட்டபோது, உள்ளிருந்து ஒரு சின்னக் குரல்:

"இந்த எறும்பு சர்க்கரையை விட்டுட்டு, செத்த எறும்பை ஏன் தூக்கிட்டுப் போகுது?"

ஆயிரம் கிளிகளும் தலையைச் சாய்த்தன. ஒன்றுக்கும் தெரியவில்லை.

ராஜா கதவைத் தட்டினான். "கண்ணே, அப்பா சொல்கிறேன்..."

"சும்மா இருங்கப்பா! நான் பார்த்துட்டு இருக்கேன்."

ராஜா வாயை மூடிக்கொண்டான். அவனைப் பார்த்துக் கிளிகளும் மூடிக்கொண்டன. ஓடிப்போன மேகங்களில் ஒன்று மெல்ல எட்டிப் பார்த்தது.

வேம்பி உளியை எடுத்து இடுப்பில் செருகினாள். "சிறையில் இருக்கிற மூன்று பேரையும் விடுங்கள், மகாராஜா. வீட்டுக்கு வீடு தாழ்ப்பாள் செய்ய ஆள் வேண்டும்."

ஆகவே, காது உள்ளவர்களே, கேள்வி பிறக்க இடம் விடாமல் கொட்டுகிற பதில் எதுவும் கல்வி ஆகாது.