வெள்ளிக் கம்பியில் கேட்ட மூச்சு

"காது சரியில்லாத ஒருத்தருக்கு ஒலிக்கலவை சொல்லிக்கொடுக்க முடியுமா, மாஸ்டர்?" என்று பிரிசில்லா கேட்டாள்.

"யாருக்கு?"

"தணிகைக்குத்தான். எட்டு நாளா வகுப்புக்கு வரலையே."

மாஸ்டர் முப்பது வருடம் பாடல் பதிவுக்கூடங்களில் ஒலி கலந்தவர். இப்போது அந்த வேலையை ஆறு பேருக்குக் கற்றுக்கொடுக்கிறார். பிரிசில்லா அவர்களில் ஒருத்தி. தணிகை இன்னொருவன்.

"காது டாக்டர்கிட்டப் போனானாம். ஒரு குறையும் இல்லன்னு சொல்லிட்டாங்களாம். இவன் நம்பல. மாமா கடையில ஜெராக்ஸ் எடுக்க உட்கார்ந்துட்டான். இனிமே இந்தத் தொழிலே வேண்டாங்கறான்."

மாஸ்டர் "உன் ரெண்டு கேபிளையும் எடு" என்றார்.

காதுக்குள் செருகிக் கேட்கும் மானிட்டர் அவளுடையது. விலை உயர்ந்த ரகம். கேபிளைக் கழற்றி மாற்றலாம். பெட்டியோடு வந்தது கறுப்பு. அவளாக வாங்கியது, வெள்ளிக் கம்பிகளைப் பின்னிச் செய்தது. அதைத்தான் எட்டு நாட்களுக்கு முன்பு வகுப்பில் காட்டியிருந்தாள். ஒரே பாட்டு. முதலில் கறுப்பில், பிறகு வெள்ளியில்.

"வரி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பாடற அம்மா மூச்சு இழுக்கறது இதுல மட்டும் கேக்குது பாருங்க," என்று அன்றைக்குச் சொன்னாள்.

மாஸ்டர் வாங்கிக் கேட்டார். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். அவர் தலையாட்டினார். அதற்குப் பிறகு மற்ற நாலு பேருக்கும் மூச்சு கேட்டது.

தணிகை மூன்று முறை கேட்டான். "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு."

"காதுல இருக்கற பஞ்சை எடுத்துட்டுக் கேளுடா," என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். பிரிசில்லாவும் சிரித்தாள்.

இப்போது மாஸ்டர் அவளைக் கண்ணை மூடச் சொன்னார். திரும்பி நின்று ஒரு கேபிளை மாட்டினார். தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாதபடி அதைக் கைக்குட்டையால் சுற்றி அவளிடம் கொடுத்தார். அதே பாட்டைப் போட்டார்.

"மூச்சு கேக்குதா?"

"கேக்குது மாஸ்டர்."

"எந்தக் கேபிள்?"

பாட்டு முடியும்வரை அவள் மானிட்டரைக் காதில் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். முடிந்த பிறகும் கண்ணைத் திறக்கவில்லை.

"இன்னொரு வாட்டி போடட்டுமா?"

"வேண்டாம். எனக்குத் தெரியல." குரல் இறங்கியது. "அன்னிக்கும் தெரியல."

அவள் கண்ணைத் திறந்தாள்.

"வீட்டுல முதல்ல நிஜமாவே வித்தியாசம் கேட்டுச்சு மாஸ்டர். புதுசை மாட்டறப்ப காதுல நல்லா அழுத்தி வெச்சிருக்கேன். அப்புறம் பழசையும் அதே மாதிரி அழுத்தி வெச்சுப் பார்த்தேன். அதுலயும் மூச்சு கேட்டுச்சு."

"எப்பப் பார்த்த?"

"வகுப்புக்கு வர்றதுக்கு முன்னாடி."

"தெரிஞ்சேதான் சொன்னியா?"

"தெரிஞ்சேதான். பாப்பா பொறந்து ஒன்பது மாசம் நான் வேலையைத் தொடல. அவ அழுகையைத் தவிர வேற எதையும் ஒழுங்காக் கேக்கல. அவ தூங்கும்போதுகூட அழற மாதிரியே இருக்கும். எழுந்து ஓடுவேன். என் காது போயிடுச்சோன்னு பயம், மாஸ்டர். நீங்க தலையாட்டினதும், போகலன்னு ஒரு நிம்மதி. அவன் காது சரியில்லன்னா என் காது சரின்னு ஆகுது இல்ல?" அவள் மானிட்டரைக் கழற்றி மடியில் வைத்தாள். "டாக்டர்கிட்டப் போனான்னு கேள்விப்பட்ட அன்னிக்கே வந்து சொல்லியிருக்கணும். இன்னிக்கும் அவன் காதைப் பத்திக் கேக்கத்தான் வாய் வந்துச்சு."

"ம்."

"பள்ளிக்கூடமா இருந்தா சிஸ்டர் முட்டி போடச் சொல்லியிருப்பாங்க."

"முட்டி போட்டா அவன் வந்துருவானா?"

அவள் தலை நிமிர்ந்தாள். "உங்களுக்கு அன்னிக்கு வித்தியாசம் தெரிஞ்சுதா, மாஸ்டர்?"

மாஸ்டர் கேபிளில் சுற்றியிருந்த கைக்குட்டையைப் பிரித்து மடித்தார். மறுபடி பிரித்தார். கடைசியில் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கேட்டார்: "அந்த ஜெராக்ஸ் கடை எங்க இருக்கு?"

கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். தணிகை யாருக்கோ ஆதார் அட்டையின் இரண்டு பக்கத்தையும் ஒரே தாளில் எடுத்துக்கொண்டிருந்தான். இவர்களைப் பார்த்ததும், "வாங்க மாஸ்டர். வாங்கக்கா" என்றான். பிறகு, தேவையில்லாமல், மெஷின் கண்ணாடியைத் துணியால் துடைக்க ஆரம்பித்தான். முகத்தைக் காட்டவில்லை.

பிரிசில்லா படியிலேயே நின்றுவிட்டாள்.

"மாஸ்டர், பொய்யை ஆரம்பிச்சது நான். நான்தானே முதல்ல சொல்லணும்?"

மாஸ்டர் செருப்பைக் கழற்றினார்.

"தள்ளிக்கோம்மா. நீ சொன்னப்போ அவன் தன் காதைச் சந்தேகப்படல. வித்தியாசம் தெரியாமலே நான் தலையாட்டினதுக்கு அப்புறம்தான் டாக்டர்கிட்டப் போனான்."