அழைப்பிதழில் இல்லாத தாய்மாமன்

அநீதிகளை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வரிசை பிசகினால் கோரிக்கையும் பிசகிவிடும். நாற்பது ஆண்டு துண்டறிக்கை எழுதியவன் சொல்கிறேன்.

முதல் அநீதி, என் தங்கை பேச்சியம்மாளின் கல்யாணம். மாப்பிள்ளை நூற்பாலை முதலாளியின் மகன். அந்த ஆலை வாசலில் கொடி பிடித்தவன் நான். ஆகவே அழைப்பிதழில் என் பெயரை மேளக்காரருக்குக் கீழே, அச்சகத்துக்கு மேலே போட்டார்கள். இரண்டாம் அநீதி, அவள் மகள் தமயந்தியின் காதுகுத்து. மாமன் மடியில் உட்கார வேண்டிய பிள்ளையை ஆலை மேனேஜர் மடியில் உட்கார வைத்தார்கள். மூன்றாம் அநீதி, அந்தப் பிள்ளையின் சடங்கு. என் படம் போட்ட பிளெக்ஸைக் கட்டி, அதன் முன்னால் ஜெனரேட்டரை நிறுத்தினார்கள். நான்காவது, போன மாதம் நடந்த தமயந்தியின் கல்யாணம். மூன்று நாள் விழா, ஜெர்மனியில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை, பதினாறு பக்க அழைப்பிதழ். அதில் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்று அறுபத்து மூன்று பெயர்கள். மேனேஜர் உண்டு, மேனேஜரின் மைத்துனர் உண்டு. பெண்ணின் தாய்மாமன் இல்லை.

போடியில் பொன்னையாவின் சலூனில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நாற்காலியில் முகம் நிறைய நுரையோடு மைக்செட் சவரி. பெஞ்சில் ஓய்வுபெற்ற தபால்காரர் சங்கிலி.

“அப்ப கல்யாணத்துக்கே போகலையாண்ணே?” என்றார் சங்கிலி.

“போகாமல் இருந்தால் அது சரணாகதி. போனேன். மண்டபத்துக்குள் கால் வைக்கவில்லை. வாசல் வளைவிலேயே நின்றுகொண்டேன்.”

அப்போதுதான் வெளிநாட்டு விருந்தினர் வந்தார்கள். பத்துப் பேருந்து, நானூறு பேர். ஆளுக்கு ஒரு அழைப்பிதழ், ஆளுக்கு ஒரு பேனா. நம் ஆட்கள் அழைப்பிதழில் சாப்பாட்டு நேரத்தைத் தவிர வேறெதையும் படிப்பதில்லை. அவர்கள் அப்படியா? மொழிபெயர்க்கச் சொல்லி வரிக்கு வரி படித்திருக்கிறார்கள். ஹில்டா என்று ஏழடி உயரத்தில் ஒரு அம்மாள். முதல் பெயரை வாசித்து, “என் நல்வரவை விரும்பும் இவர் எங்கே?” என்றாள். அவர் முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டாமவர் ஏசி அறையில் குறட்டை. மூன்றாமவர் டிரோன் கேமராக்காரனோடு சண்டை. இப்படி அறுபத்து மூன்று பெயரும் வாசித்து, அறுபத்து மூன்றையும் அடித்தாள். “விரும்புவதாக எழுதிக் கொடுத்துவிட்டு ஒருவர்கூட வாசலில் இல்லையா?” என்று கண் சிவந்தாள். “அம்மா, எழுதாத ஒருவன் இருக்கிறேன்” என்றேன்.

“எந்தப் பாஷையிலண்ணே சொன்னீங்க?” என்றான் பொன்னையா.

“உழைக்கிறவனுக்கு உலகம் பூராவும் ஒரே பாஷை.”

“அவுங்க எல்லாம் கம்ப்யூட்டர் இன்ஜினியரு.”

“மாசச் சம்பளம் வாங்குகிறவன் எல்லாம் தொழிலாளிதான். நீ சவரத்தைப் பார்.”

ஒரே செம்புப் பன்னீரில் நானூறு பேருக்கும் தெளித்தேன். கையை உதறிய வேகத்தில் மிச்சம் போய்ச் சுருளி அருவியில் விழுந்தது. மூன்று நாள் அருவி மணத்ததாக அங்கே குளித்தவர்கள் சொன்னார்கள்.

“அந்த மூணு நாளும் அருவியில தண்ணியே இல்லண்ணே” என்றார் சங்கிலி.

“தண்ணீர் இல்லாமலே மணந்தது என்றால் பார்த்துக்கொள்.”

இரண்டாம் நாள் பந்தியில் போராட்டம் வெடித்தது. பரிமாறும் முன்பே நானூறு இலையும் ஒரே நேரத்தில் மடிக்கப்பட்டன. அந்தக் காற்றில் அடுப்பு அணைந்தது. ஆறிப்போன பாயசத்தை உடைக்கக் கல்குவாரியிலிருந்து ஆள் வர வேண்டியிருந்தது. “போடு போடு, மாமன் பேரைப் போடு!” என்று ஹில்டா குரல் கொடுக்க, மண்டபத்தின் கண்ணாடி விளக்கு பொடிப்பொடியாக உதிர்ந்தது. அறுபத்து மூன்று பேரும் மேசைக்கு அடியில்.

மூன்றாம் நாள் முகூர்த்தம். என் பெயர் வராமல் தாலி ஏறாது என்று மாப்பிள்ளையே சொல்லிவிட்டான். கெட்டிமேளம் ஒன்றே கால் மணி நேரம். நாதஸ்வரக்காரர் இடையில் மூச்சே விடவில்லை. ராகு காலம் வாசல் வரை வந்தது. கூட்டத்தைப் பார்த்ததும் பயந்து அடுத்த மண்டபத்துக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் ஆலை முதலாளியின் ரத்தம் சுண்டியது. ஒலிபெருக்கியில் என் பெயரை வாசித்தார்கள்.

சங்கிலி சிரிப்பை அடக்க மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

“பேரு வாசிச்சது நெசம்” என்றது நாற்காலியிலிருந்து ஒரு குரல். சவரி. “வாசிச்சதே நாந்தான்.”

நான் இதை எதிர்பார்க்கவில்லை.

“மத்தது?” என்றான் பொன்னையா.

“வந்தது ஒரே பஸ்ஸு, இருபத்திரண்டு பேரு. அண்ணன் வளைவுக்கு நடுவுல சம்மணம் போட்டு உக்காந்துட்டாரு. பஸ்ஸு உள்ள போக முடியல. அவுங்களுக்கு என்ன தெரியும்? இது நம்ம கல்யாணத்துல ஒரு சடங்காக்கும்னு நெனச்சு, அந்த நெட்டை அம்மா செருப்பைக் கழட்டிட்டு அண்ணன் பக்கத்துல உக்காந்துச்சு. அதைப் பாத்து இருபத்திரண்டு பேரும் வரிசையா உக்காந்துட்டாக. முக்கா மணி நேரம். பெறகுதான் உள்ள இருந்து ஒரு சீட்டு வந்துச்சு.”

“அந்தச் சீட்டு இன்னும் இருக்கா?” என்றார் சங்கிலி.

“சட்டைப் பையிலதான். முப்பது வருஷத்துல இப்படி ஒரு சீட்டை நான் வாசிச்சதில்ல.” எட்டி ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து, மடிந்த தாளைப் பிரித்து, மைக்கில் வாசிக்கும் குரலில் வாசித்தான்: “வாசல் வளைவில் அமர்ந்திருக்கும் மணப்பெண்ணின் தாய்மாமன் திரு. மூ. சொள்ளமுத்து அவர்கள், வெளிநாட்டு விருந்தினரின் பேருந்துக்கு வழிவிட்டு, கொஞ்சம் ஓரமாகத் தள்ளி உட்காருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்.”

பொன்னையா கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். சங்கிலி பெஞ்சில் சரிந்துவிட்டார்.

சிரிக்கட்டும். தடியடியில் நிற்கக் கற்றவன் நான்.

“யார் எழுதிய சீட்டு அது?” என்றேன்.

“ஒங்க தங்கச்சிதான். பேச்சியம்மா கையாலேயே எழுதி, தானே கொண்டாந்து குடுத்துச்சு.”

“தாய்மாமன் என்று அவள் எழுதியதா, நீயாகச் சேர்த்ததா?”

“எழுதுனதைத்தாண்ணே வாசிப்பேன்.”

நான் எழுந்து நின்றேன். “பொன்னையா, ஃபேனை நிறுத்து. சங்கிலி, நிமிர்ந்து உட்கார், நீ சாட்சி. ரோட்டில் போகிற அந்த ரெண்டு பேரையும் உள்ளே கூப்பிடு, அவர்களும் சாட்சி. சவரி, பேருந்து, ஓரம் எல்லாம் வேண்டாம். பெயரை மட்டும், முன்னெழுத்தோடு, நிறுத்தி வாசி.”

சவரி வாயோரத்து நுரையைத் துடைத்துக்கொண்டான். தாளை வெளிச்சத்தில் பிடித்தான்.

“மணப்பெண்ணின் தாய்மாமன், திரு. மூ. சொள்ளமுத்து.”