ஐஸில் வைத்த சாம்பிள்கள்

குருவுக்குத் தாடி இருக்க வேண்டும் என்று சட்டமா என்ன? இந்தக் கதையின் குரு, டாக்டர் நூருல்லா, தினமும் சவரம் செய்கிறவர். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் ஆய்வகம் நடத்துகிறார். சிஷ்யையைவிட எட்டு வயது சின்னவர். சிஷ்யை ஜெசிந்தா அவரை "சார்" என்பாள். அவர் அவளை "அக்கா" என்பார். அந்த ஆய்வகத்தில் அவர் முதன்முதலாகப் பிப்பெட் என்கிற உறிஞ்சுகுழாயைக் கையில் எடுத்த நாளில், பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்த சீனியர் அவள்தான்.

அதன் பிறகு அவள் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் போனாள். புருஷன் சேவியருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. ஏழு வருஷம் வீட்டிலேயே டயாலிசிஸ். வயிற்றில் வைத்த குழாயில் மருந்துத் தண்ணீர்ப் பையை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அத்தனையும் அவள் கைதான். போன வருஷம் சேவியரின் அக்கா ஒரு சிறுநீரகத்தைத் தூக்கிக் கொடுத்தாள், மனுஷன் எழுந்துவிட்டார். இப்போது அவர்தான் அவளை ஸ்கூட்டரில் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து விடுகிறார். அந்த ஸ்கூட்டர் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஜெசிந்தா மனசுக்குள் மாதாவுக்கு நன்றி சொல்லிக்கொள்வாள்.

ஆனால் படிப்பு தொடருமா என்பது இன்னும் தெரியாது. விதிப்படி படிப்பில் இரண்டு வருஷம்தான் இடைவெளி விடலாம். மறுநாள் காலை, இதை முடிவு செய்கிற பல்கலைக்கழகக் குழு கூடுகிறது. அவர்கள் உதட்டைப் பிதுக்கினால் அவள் பதிவு ரத்து.

அன்று மத்தியானம், கிருமிகளை வேகவைத்துக் கொல்கிற பெரிய குக்கர் முன்னால் அவள் ஒரு குடுவையோடு நின்றாள்.

"எங்க கிளம்பிட்டீங்கக்கா?" என்று கேட்டபடி நூருல்லா வந்தார்.

"செத்துப் போச்சு சார். கொட்டிடறேன்."

குடுவையில் சாணத்திலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியா. அதற்குக் குளுக்கோஸ் கொஞ்சமும் பால் சர்க்கரை நிறையவும் கொடுத்திருந்தாள். முதலில் குளுக்கோஸைத் தின்று மளமளவென்று பெருகும். அது தீர்ந்ததும் கொஞ்ச நேரம் பெருகாமல் நிற்கும். பிறகு பால் சர்க்கரையில் கை வைக்கும். இது அந்தப் படிப்பில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

"அரை மணியில எழுந்திருக்கணும்னு புத்தகத்துல இருக்கு சார். இது மத்தியானம் வரைக்கும் எழுந்திருக்கல. கிராஃப்ல வளர்ச்சிக் கோடு படுத்த படுக்கையா கிடக்கு."

"அது புத்தகம் படிச்சிருக்காதுக்கா. கொல்றதுக்கு அப்படி என்ன அவசரம்?"

நூருல்லா குடுவையை வாங்கி, திரும்ப, குலுக்கிக்கொண்டே இருக்கிற ஷேக்கரில் வைத்து ஓடவிட்டார்.

"நடுவுல எடுத்த சாம்பிள் எல்லாம் எங்க?"

"ஐஸ்ல இருக்கு."

"எடுங்க. ஒவ்வொண்ணுலயும் மருந்து விடுங்க."

பால் சர்க்கரையைப் பிரிக்கிற நொதி இருந்தால் மஞ்சளாகிற மருந்து அது. ஜெசிந்தா வரிசையாகச் சொட்டு விட்டாள். காத்திருந்தார்கள். முதல் ட்யூப் வெறும் தண்ணீர் மாதிரி அப்படியே இருந்தது. அடுத்ததில் லேசாக மஞ்சள். அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். கடைசி ட்யூப் எலுமிச்சைச் சாத மஞ்சளாக நின்றது.

"அட!" என்றாள் ஜெசிந்தா. "இது எல்லாமே கோடு படுத்துக் கிடந்த நேரத்துல எடுத்தது சார்."

"ஆமா."

"அப்ப சாகலையா?"

"குளுக்கோஸ் இருக்கிற வரைக்கும் அந்த நொதிக்கான மரபணுவைப் படியெடுக்காது. எதுக்கு வீண் செலவு? தீந்ததும்தான் படியெடுக்கும், நொதி செய்யும். அதுவும் பட்டினி கிடந்துக்கிட்டே செய்யணும். சிலது சட்டுனு செஞ்சிடும், சிலதுக்கு நேரமாகும்."

அவள் ஓடிப்போய் ஷேக்கரை நிறுத்தி, குடுவையிலிருந்து கொஞ்சம் எடுத்து அளந்தாள். கலங்கலை அளக்கிற மீட்டரில் எண் கூடியிருந்தது. கோடு எழுந்துவிட்டது.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நல்லவேளை சார், நீங்க வந்தீங்க. குக்கர்ல போட்டிருப்பேன் பாவி. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

"எனக்கா? என் கையைப் பிடிச்சுச் சொல்லிக் கொடுத்தது யாரு? நானே உங்களுக்கு இன்னும் நன்றி சொல்லி முடிக்கல, நீங்க வேற."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"நாளைக்குக் குழுவுல, ஏழு வருஷம் என்ன பண்ணீங்கன்னு கேப்பாங்க சார். என்ன சொல்றது?"

நூருல்லா ட்யூப்களைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "வீட்டுல பை மாத்தினீங்களே, சேவியர் அண்ணனுக்கு எத்தனை தடவை கிருமி தொத்துச்சு?"

"மாதா புண்ணியத்துல ஒரு தடவைகூட இல்ல சார்."

"மாதா புண்ணியம் சரி. யாரு கை?"

அவள் தன் கையைப் பார்த்தாள்.

"இங்க ஏசி இருக்கு, கண்ணாடிப் பெட்டி இருக்கு, வடிகட்டின காத்து வருது. இருந்தும் மாசம் தவறாம வேற கிருமி தொத்தவிட்டுக் குடுவையைக் கெடுக்கிறோம். நீங்க சமையலறைக்குப் பக்கத்து ரூம்ல, ஏழு வருஷம்."

"அதையெல்லாம் போய்க் குழுவுல சொல்வாங்களா சார்?"

"நாளைக்கு அவங்க ஏழு வருஷமாப் படுத்துக் கிடந்த கோட்டைத்தான் பாப்பாங்க. ஐஸ்ல வச்சிருக்கிறதை நீங்கதான் எடுத்துக் காட்டணும்கா."