ஆயிரம் பேரை வென்ற கதை

பாளையக்காரர் சங்கிலிராயருக்குப் போருக்கு ஆள் வேண்டியிருந்தது. எந்த ஊரும் பிள்ளைகளை அனுப்பவில்லை. ஆற்றங்கரையில் தன்னந்தனியாக நின்று தாம் ஆயிரம் பேரை வெட்டிச் சாய்த்ததாக ஒரு கதை எழுதச் செய்து, வில்லுப்பாட்டுக்காரி மாடத்தியைக் கூப்பிட்டார்.

"ஊர் ஊராப் போய் இதைப் பாடு. கேக்கிறவன் நம்பணும். ஒரு சொல் மாறினாலும் உன் நாக்கு இருக்காது."

மாடத்திக்கும் வாலிப வயதில் ஒரு மகன் இருந்தான். அதனால் அவருக்கு அவள்மேல் சந்தேகம். ஏட்டை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கக் கதை எழுதிய புலவரையே அவளுடன் அனுப்பினார்.

மாடத்தி பத்து ஊரில் பாடினாள். 'தன்னந்தனியாக' என்று வந்த இடத்தில் மட்டும் அந்தச் சொல்லை மும்முறை பாடினாள். ஜனங்கள் மெய்சிலிர்த்துப் போனார்கள். ஆனால் படைக்கு ஒருவனும் வரவில்லை.

"என்னடி சூழ்ச்சி செஞ்சே?" என்று உறுமினார் சங்கிலிராயர்.

"ஒரு சொல்லும் மாறவில்லை, மகாராஜா" என்றார் புலவர்.

மாடத்தி கைகூப்பினாள். "எல்லாரும் நம்பிட்டாங்க சாமி. 'ஆயிரம் பேருக்கு மகாராசா ஒருத்தரே போதுமே, நம்ம பிள்ளைக எதுக்கு இடைஞ்சலா?'ன்னு கேக்கிறாங்க. கதை பொய்யின்னு சொல்லிட்டு வரட்டுமா?"

சங்கிலிராயர் புலவரைப் பார்த்தார். புலவர் தரையைப் பார்த்தார். அந்த வருஷம் அந்தப் பாளையத்திலிருந்து யாரும் போருக்குப் போகவில்லை.